கயிற்றுக்கு ஒரு மார்க்

உலகத்தில் இதுவரை தோன்றிய பேரரசுகள் அத்தனையும் அழிந்துபோனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எது எப்போது இடிந்து விழும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கமிட்டி போட்டு, மார்க் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி வைக்கவில்லை. மனித குலத்தின் இந்தப் பெருங்குறை 1965-ஆம் ஆண்டு, போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில், தகரக் கூரை போட்ட ஓர் அலுவலகத்தின் பின்னறையில் நிவர்த்தி செய்யப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் அந்தப் பக்கம் கப்பலேறி வருவதில்லை என்பதால் செய்தி வெளியே பரவவில்லை.

அலுவலகத்தின் பெயர் 'தீவுப் படித்துறைகள் மற்றும் பல்வகைப் பணிகள் காரியாலயம்'. பல்வகை என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, எதையும் செய்யாமல் இருப்பதற்கு அந்தச் சொல் பெரிதும் உதவியது.

அங்கே உதவிப் பொறியாளராக இருந்தவர் ஜம்புலிங்கம். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். மெயின்லேண்டிலிருந்து வரும்போது கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர், இறங்கியதும் முதல் காரியமாக வாந்தி எடுப்போருக்கான விதிமுறை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அச்சில் ஒரு விதி இருந்துவிட்டால் போதும், மழைக்குக் குடைக்கடியில் நிற்பது போல அதற்கடியில் போய் நின்றுகொள்வார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கெடுதல் நினைப்பதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை என்பது அவருக்குப் பெரிய வசதியாக இருந்தது.

அவருக்கு மேலே நிர்வாகப் பொறியாளர் பாலசுப்பிரமணியம். அவர் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு கறுப்புக் கண்ணாடியோடும் ஒரு தத்துவத்தோடும் திரும்பி வந்தார். கண்ணாடியை முதல் நாளே கழற்றிவிட்டார். தத்துவத்தைக் கழற்றவில்லை.

"பொறியியலில் பெரிய கேள்வி எது, மிஸ்டர் ஜம்புலிங்கம்?"

"எது கெட்டுப்போகும்ங்கறதுதான் சார்."

"தப்பு. எல்லாமே கெட்டுப்போகும், அது ஊருக்கே தெரியும். கெட்டுப்போகிற வாய்ப்பு எதற்கு அதிகம்? அதுதான் கேள்வி. நம்மிடம் இருக்கிற கொஞ்சம் சாமானை அதற்குத்தான் முதலில் கொடுக்கணும். வாய்ப்புக்கு மார்க் உண்டு. ஒன்றிலிருந்து பத்து."

பெங்களூரில் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. அடிக்கடி கெடுவதற்குப் பத்து, அபூர்வமாகக் கெடுவதற்கு ஒன்று. அந்த முறைப்படி ஜம்புலிங்கம் ஒரு வாரம் தீவைச் சுற்றி வந்து மார்க் போட்டார். படித்துறைப் படிக்கட்டுக்குப் பத்து. தண்ணீர்க் குழாய்க்குப் பத்து. அலுவலகக் கூரைக்குப் பத்து. பத்துபஸ்தி என்ற பேட்டைப் பக்கம் இருந்த சாமான் கொட்டகைக்குப் பத்து போடப் போன இடத்தில் கொட்டகையே இல்லை. முந்தின நாள்தான் விழுந்திருந்தது. ஆகமொத்தம் காரியாலயத்தின் பராமரிப்பில் இருந்த எல்லாமே பத்துக்குப் பத்து வாங்கி முதல் வகுப்பில் தேறிவிட்டன.

பாலசுப்பிரமணியம் முகம் சுளித்தார். எல்லாருக்கும் முதலிடம் கொடுத்தால் பட்டியல் எதற்கு? எனவே பெங்களூர் முறையைத் தீவுகளுக்கு ஏற்றபடி அவர் 'மேம்படுத்தினார்'.

"தினமும் நடப்பது எது? அது வழக்கம். இதுவரை நடக்காதது எது? அது கற்பனை. வழக்கத்துக்கும் கற்பனைக்கும் சர்க்கார் பணம் தராது. இரண்டுக்கும் ஒவ்வொரு மார்க். எப்போதாவது நடக்கிறது பாருங்கள், நடக்கலாம், நடக்காமலும் போகலாம், நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சியும் உண்டு, அதுதான் அசல் சாத்தியக்கூறு. நிச்சயமாக நடக்கும் என்றால் அப்புறம் அதில் 'கூறு' எங்கே இருக்கிறது?"

தலைமை எழுத்தர் சொக்கலிங்கம், "கூறு எங்கே இருக்கிறது" என்பதை அப்படியே எழுதிக்கொண்டார். ஜம்புலிங்கத்துக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் தாம் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது என்று தோன்றியது. இந்த மூவரும் சேர்ந்து சாத்தியக்கூறு கமிட்டி ஆனார்கள்.

புதிய முறையில் உடனடிப் பலன் கண்டது 'சமுத்திர குமாரி'.

சமுத்திர குமாரி ஒரு பழைய லாஞ்சு. ஜங்லிகாட் துறையிலிருந்து வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருந்த குடியேற்றத்துக்குக் காலையும் மாலையும் ஆட்களை ஏற்றிப்போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிடும். தவறாமல் நிற்கும்.

அதை ஓட்டிய செராங், சிலுவைராஜ். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். மீசையைத் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிடுவார். அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. தாம் ஒருமுறை சுறாவைக் கன்னத்தில் அறைந்ததாகச் சொல்லுவார். கேட்கிற ஆளைப் பொறுத்து அது திமிங்கிலமாகவும் ஆகும். எஞ்சினைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்கு ரோசம் வந்துவிடும்.

"எஞ்சின் கராப்னு சொல்லாதிய. கராப் இல்ல. நடுவழியில கொஞ்சம் ஆராம் எடுக்குது. மனுசன் எடுக்கதில்லையா?"

எஞ்சின் ஆராம் எடுக்கும்போது சிலுவைராஜ் நங்கூரத்தைப் போடுவார். போடாவிட்டால் வற்று நீரோட்டம் லாஞ்சை வளைகுடா வாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் பர்மாவா, சயாமா என்பது காற்றின் இஷ்டம். நங்கூரம் பிடித்துக்கொண்டதும் பயணிகள் அவரவர் வேலையைத் தொடங்குவார்கள். வங்காளிப் பெண்கள் மீன் செதில் சுரண்டுவார்கள். மலையாளி நாவிதர் ஒருவர் சவரம் செய்வார். லாஞ்சு நின்றிருக்கும்போது மட்டும்தான் கத்தியை எடுப்பார் என்பதால் அவருக்கு நல்ல பெயர். எதிர்க்கரைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த இந்திராணி டீச்சர் கட்டுரை நோட்டுகளைத் திருத்தி முடிப்பாள். இரண்டு நிச்சயதார்த்தமும் ஒரு நிலத் தகராறும் அந்த நடுத்தண்ணீரிலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தன. எஞ்சின் நிற்காமல் போனால்தான் ஜனங்கள் கலவரப்பட்டிருப்பார்கள்.

இந்திராணி, ஜம்புலிங்கத்தின் மனைவி. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அந்த நங்கூரக் கயிறு பழைய துடைப்பம் மாதிரி ஆயிடுச்சு. தொட்டா கையோட பஞ்சா வருது."

"அறுந்துதா?"

"இன்னும் அறுந்து போகல."

"அப்ப கற்பனை."

"நீங்க ஒருநாள் வந்து பாருங்களேன்."

"பாத்தேன். நானே போன வாரம் தொட்டுப் பாத்தேன். உள் பிரியெல்லாம் இத்துப்போச்சு. ஆனா பாத்ததுக்கு மார்க் கிடையாது இந்திரா. எத்தனை தடவ அறுந்ததுன்னு சொல்லணும்."

இந்திராணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு கயிறு எத்தனை தடவங்க அறும்?"

ஜம்புலிங்கம் சிரித்தார். பொறியியல் படிக்காதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அன்று அவர் மறுசோறு கேட்கவில்லை.

அடுத்த கப்பலில் கல்கத்தாவிலிருந்து புது மணிலாக் கயிறு ஒரு சுருள் வந்து இறங்கியது. ஒரே ஒரு சுருள். அதைக் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று, சமுத்திர குமாரியின் நங்கூரத்துக்கு. மற்றொன்று, நிர்வாகப் பொறியாளரின் சர்க்கார் பங்களா முன்கூடத்தில் தொங்கிய ஊஞ்சலுக்கு.

கமிட்டி கூடியது. மனித நேர்மையின் வரலாற்றில் அந்தக் கூட்டத்துக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். ஊஞ்சல் விஷயம் வந்ததுமே பாலசுப்பிரமணியம் எழுந்து நின்றார்.

"இது என் சொந்த விஷயம். தலைவர் இருக்கக் கூடாது. நான் வெளியே போகிறேன். நீங்கள் பயப்படாமல் பேசுங்கள்."

வெளியே போனார். போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொக்கலிங்கம் உள்ளிருந்து கேட்டார். "ஊஞ்சல் கயிறு இதுவரை எத்தனை தடவை அறுந்திருக்கிறது?"

"மூன்று வருஷத்தில் இரண்டு" என்றது ஜன்னல்.

"சாட்சி?"

"விழுந்தவளே சாட்சி. என் சம்சாரம் ருக்குவைக் கேளுங்கள். இடுப்பு இன்னும் நேராகவில்லை."

"தினமும் அறுகிறதா?"

"சேச்சே. எப்போதாவதுதான்."

"அறாமலே இருந்திருக்கிறதா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

சொக்கலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஜம்புலிங்கம் சார், பெங்களூர்க்காரனே தேடினாலும் இப்படி ஒரு சுத்தமான சாத்தியக்கூறு கிடைக்காது. வழக்கமும் இல்லை. கற்பனையும் இல்லை. அப்படியே நட்ட நடுவில் நிற்கிறது."

"ஊஞ்சல்தானே, ஒரு பக்கமா நிக்காது" என்றார் ஜம்புலிங்கம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒன்பது மார்க் போட்டார்கள். ஜன்னல், "அதிகம், அதிகம், எட்டு போதும்" என்று தன்னடக்கமாகக் கேட்டுக்கொண்டது. எட்டு ஆயிற்று.

பிறகு தலைவர் உள்ளே வந்தார். லாஞ்சு விஷயம். எஞ்சின் தினமும் நிற்கிறது, ஆகவே வழக்கம், ஒரு மார்க். கயிறு ஒருமுறைகூட அறுந்ததில்லை, ஆகவே கற்பனை. அதற்கு மார்க் எழுத வேண்டியது ஜம்புலிங்கம். அவர் பேனா காகிதத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. கையில் பஞ்சு பஞ்சாக வந்த பிரி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு என்று போட்டால் என்ன? ஆனால் இரண்டுக்கு விதி இல்லையே. 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

மறுநாள் விஷயம் சிலுவைராஜுக்குத் தெரிந்துவிட்டது. அலுவலக வாசலில் ஜம்புலிங்கத்தை மறித்தார்.

"என்ன சார், ஊஞ்சலுக்கு எட்டு, நமக்கு ஒண்ணாமே? ஊஞ்சல் அறுந்து போனா எங்க போவும்? சுவத்துல போயி முட்டும். நாங்க அறுந்தா சயாமுக்கில்ல போவோம்?"

"எங்கே போவீங்கங்கறது வேற தலைப்பு சிலுவைராஜ். அது 'விளைவு'. நாங்க பாக்கறது 'வாய்ப்பு' மட்டும்தான்."

"சரி, வாய்ப்புக்கே வாரேன். ஒரு தடவ அறுந்தா மார்க் கூடுமா?"

"கூடும்."

"அப்ப இன்னைக்கே கரையோரத்துல வச்சு அருவாளால ஒரு போடு போட்டுருதேன். அறுந்துட்டுன்னு எழுதிக்கிடுங்க. ச்சலோ, வேல முடிஞ்சு."

ஜம்புலிங்கம் அதிர்ந்துபோனார். "அது செயற்கைத் தோல்வி! செல்லாது. கயிறு தானாகத்தான் அறுந்து போகணும். அதுவும் பணி நேரத்துல."

"தானா அறும்போது நான் அதும் பக்கத்துல நிப்பேனே சார்."

"நல்லதுதான். சாட்சி வேணுமில்லையா?"

சிலுவைராஜ் மீசையை நீவிக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று தேடினார். அந்த முகத்தில் கேலி எதுவும் இல்லை; வெறும் அக்கறைதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிலுவைராஜுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

இரண்டு மாதம் போல் சமுத்திர குமாரி வழக்கத்திலும் கற்பனையிலுமாக ஓடியது. ஒரு சனிக்கிழமை எதிர்க்கரைப் பள்ளியில் ஆண்டு விழா. டீச்சரின் கணவர் என்ற முறையில் ஜம்புலிங்கமும் போயிருந்தார். பிள்ளைகளுக்குப் பென்சில் பரிசு கொடுத்தார். பிற்பகலில் மனைவியோடு லாஞ்சில் திரும்பினார்.

நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது. "ஆராம், ஆராம்" என்று அறிவித்துக்கொண்டே சிலுவைராஜ் நங்கூரத்தை இறக்கினார். செதில் சுரண்டல் தொடங்கியது. நாவிதர் யாரோ ஒரு பயணியின் தாடையில் நுரை தடவினார். அன்றைக்கு முழுநிலா நாள். வற்று நீர் வழக்கத்தைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு விறைத்து முனகியது.

முதல் பிரி தெறித்த சத்தம் ஜம்புலிங்கத்தின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். முன்பக்க விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் இன்னொரு பிரி சுருண்டு பிரிந்தது.

"இது நடக்காது" என்றார் ஜம்புலிங்கம்.

சிலுவைராஜ் ஓடினார். நைந்த இடத்துக்கு அப்பால் கயிற்றைக் குனிந்து பிடித்து, இழுத்து, கயிறு கட்டும் முன்பக்கக் கட்டைக்குக் குறுக்கே ஒரு சுற்றுப் போட்டு நிறுத்தப் பார்த்தார். ஒரு சுற்று விழுந்தது. அதற்குள் நீரோட்டம் வெடுக்கென்று இழுத்தது. கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் அவர் வலது கை இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் நாவிதர் கையிலிருந்த கத்தி கடலில் விழுந்தது. அடுத்த கணம் கயிறு முழுதாக அறுந்து, நங்கூரத்தோடு கீழே போயிற்று.

"இதுக்கு வாய்ப்பே இல்ல!" ஜம்புலிங்கம் எழுந்து நின்று கூவினார். "இதுவரைக்கும் நடந்ததே இல்ல!"

மீன் செதிலோடும் பாதிச் சவரத்தோடும் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். லாஞ்சு மெல்லத் திரும்பி வளைகுடா வாயை நோக்கிப் போகத் தொடங்கியது.

"இல்லாதது வந்துடுச்சு. துண்டக் குடுங்க" என்றாள் இந்திராணி. அவர் தோளிலிருந்த பட்டுக்கரைத் துண்டை உருவிக்கொண்டு போய், சிலுவைராஜின் கையை அதில் இறுக்கிச் சுற்றினாள். துண்டு சிவந்தது. ஜம்புலிங்கம் அதைப் பார்த்தார். தாம் எழுதிய அந்த அழகான 'ஒன்று' எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கோணல்மாணலாக ஒரு கயிற்றுத் துண்டு மாதிரிதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சின் அன்று ஆராமிலிருந்து எழவே இல்லை. வளைகுடா வாயைத் தாண்டி, கரை சிறுத்து, அலை பெரிதானபோது ஜனங்கள் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். எந்தச் சாமி அனுப்பியது என்று தெரியாது, வடக்கேயிருந்து ஓர் இழுவைப் படகு வந்துகொண்டிருந்தது. காட்டில் வெட்டிய பெருமரங்களை ஒன்றாகப் பிணைத்துத் தெப்பமாக இழுத்துக்கொண்டு துறைமுகத்தில் மரம் அறுக்கிற சாமில்லுக்குப் போகிற படகு. அதன் ஆட்கள் கயிறு வீசினார்கள். லாஞ்சுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததால் பயணிகள் எல்லாரும் மரத்தெப்பத்துக்கு மாற்றப்பட்டார்கள். இப்படியாக உதவிப் பொறியாளர் ஜம்புலிங்கம் ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டு, மாலை வெயிலில், நனைந்த வேட்டியோடு போர்ட் பிளேருக்குள் மீண்டும் பிரவேசித்தார்.

சாமில் துறையில் மரம் அளந்து இறக்குகிற குமாஸ்தா பழனிசாமி சுண்ணக்கட்டியோடு நின்றிருந்தார். தெப்பத்தைப் பார்த்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"இதுல மரம் மட்டும்தான் போட்டிருக்கு. ஆளுகள இறக்க எனக்கு உத்தரவு இல்லீங்க."

"அரே பாய், உத்தரவு வாங்கற வரைக்கும் இங்கயே மிதக்கறதா?" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்படி இல்லீங்க. இறங்கறது ஒவ்வொண்ணுக்கும் நீளம், சுற்றளவு, ரகம் எழுதோணும். நாளைக்கு என்னையல்ல கேப்பாங்க?"

இந்திராணி சிலுவைராஜைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். "அப்ப கட்டைன்னே எழுதிக்கிட்டு இறக்குங்க! இவருக்குக் கை போயிட்டிருக்கு. எங்க வீட்டுக்காரர்லேருந்து ஆரம்பிங்க. முதல் ரகம்."

பழனிசாமி ஜம்புலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஜம்புலிங்கம் ஆட்சேபிக்கவில்லை. எல்லாரும் முதல் ரகமாகக் கரையேறினார்கள். சிலுவைராஜை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

கமிட்டி மறுபடி கூடியது. இம்முறை மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு அதில் ஜம்புலிங்கத்தை உட்கார வைத்தார்கள். பாலசுப்பிரமணியத்தின் குரலில் நீதி இருந்தது.

"மிஸ்டர் ஜம்புலிங்கம், கயிற்றுக்கு நீர் போட்ட மார்க் என்ன?"

"ஒன்று சார்."

"ஒன்று என்றால்?"

"நடக்காதுன்னு அர்த்தம் சார்."

"நடக்காத ஒரு விஷயம் நடக்கிறது. தீவு முழுக்க இத்தனை ஆயிரம் ஜனம் இருக்க, அது நடக்காது என்று எழுதிய அதே ஆள், அது நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு வாய்ப்பு எத்தனை மார்க், சொக்கலிங்கம்?"

"ஒன்றுக்கும் கீழே சார். அதற்கு எண்ணே இல்லை."

"ஆகவே சந்தேகம் வருகிறது. எழுதிக்கொள்ளும். 'அபூர்வச் சம்பவம் நிகழும் இடத்தில் முன் அனுமதியின்றி இருந்தது.' இதற்கு விளக்கம் தேவை."

ஜம்புலிங்கம் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. இந்திராணி அவரிடம் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அவள் துண்டை ஊறப்போட்டு, துவைத்து, கறை போகாததைக் கொடியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அதனால் அவர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக விதியில் இல்லாத ஒன்றைச் செய்தார். உண்மையைச் சொன்னார்.

"சார், நான் போட்ட மார்க் தப்பு. கயிறு இத்துப்போனது எனக்குத் தெரியும். கையால தொட்டுப் பாத்தேன். தெரிஞ்சேதான் ஒண்ணு போட்டேன். என் மேல நடவடிக்கை எடுங்க."

சொக்கலிங்கத்தின் பேனா நின்றுவிட்டது. பாலசுப்பிரமணியத்தின் முகத்தில் இருந்த நீதி மெல்ல வடிந்தது. மார்க் தப்பு என்றால் மார்க் போட்ட முறை தப்பு. முறை தப்பு என்றால் அதை மேம்படுத்தியவர் யார் என்று மெயின்லேண்டிலிருந்து ஒரு கேள்வி வரும். கேள்வி வந்தால், அது ஊஞ்சலில் வந்துதான் உட்காரும்.

"உணர்ச்சிவசப்படாதீர்" என்றார் மிக மென்மையாக. நாற்காலியைத் தம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். டீ வரவழைத்தார். "நீர் நல்ல மனுஷர். அதனால்தான் இல்லாத தப்பை உம் மேல் ஏற்றிக்கொள்கிறீர். சொக்கலிங்கம், போன வாக்கியத்தை அடியும். நாம் விஞ்ஞானமாக யோசிப்போம். கயிறு இப்போது எங்கே?"

"கடலுக்கடியில் சார். நங்கூரமும்தான்."

"லாஞ்சில் கயிறே இல்லை. இல்லாத கயிறு அறுமா?"

"அறாது சார்."

"அப்படியானால் பெரிய அபாயம் ஒன்று அடியோடு நீங்கிவிட்டது. அதை எழுதும். அடுத்தது, செராங்கின் கை. இது புதுத் தலைப்பு. சம்பவத்துக்கு முன்னால் அவரிடம் நசுங்கக்கூடிய கைகள் எத்தனை?"

"இரண்டு சார்."

"இப்போது?"

சொக்கலிங்கம் எண்ணிப் பார்ப்பவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஒன்று" என்று பாலசுப்பிரமணியமே சொன்னார். "ஆக, செராங் கை இழக்கும் வாய்ப்பு சரிபாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரே மாதத்தில் ஐம்பது சதவீதம்! பெங்களூரில்கூட இப்படி ஓர் உதாரணம் காட்டவில்லை. சம்பவ இடத்தில் தாமே நேரில் இருந்து கண்காணித்த உறுப்பினர் ஜம்புலிங்கத்துக்குக் கமிட்டி தன் பாராட்டைப் பதிவு செய்கிறது."

கை தட்டினார். சொக்கலிங்கமும் தட்டினார்.

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் திறந்தார். ஆனால் பாராட்டு தீர்மானமாகிவிட்டது. தீர்மானத்தை மறுப்பதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது என்று அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தார்.

அன்று மாலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'என்னை மன்னிச்சுக்குங்க சிலுவைராஜ்.' மூன்றே சொல்தான். வார்டுக்குள் நுழைகிறவரை அது வாயில் இருந்தது.

சிலுவைராஜ் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கை இருந்த இடத்தில் பெரிய வெள்ளைக் கட்டு. மனைவி லூசி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மீசைக்கு எண்ணெய் போட்டிருந்தது. அவள் போட்டுவிட்டிருப்பாள், ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த கட்டில்காரரிடம், நங்கூரத்தைத் தாம் பல்லால் கடித்துப் பிடித்திருக்கலாம் என்றும், பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் கூச்சப்பட்டு விட்டுவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இரிங்க. லூசி, சாருக்கு எடம் விடு."

ஜம்புலிங்கம் உட்கார்ந்தார். பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சிலுவைராஜ்..."

"சொல்லுங்க சார்."

அந்தக் கட்டைப் பார்த்தார். மூன்று சொல்லும் தொண்டைக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. அந்த இடத்துக்கு வேறு சொற்கள் தாமாக வந்து சேர்ந்தன. அவை அச்சில் இருந்தவை. அவற்றுக்கடியில் நின்றுகொள்ள முடிந்தது.

"இன்னைக்குக் கமிட்டி கூடினோம். உங்களப் பத்தி விரிவாப் பேசினோம். இனிமே நீங்க பயப்பட வேண்டியதில்ல. உங்களுக்குக் கை போற அபாயம் முன்னைவிடப் பாதியாக் கொறஞ்சிருக்குன்னு தீர்மானம் ஆயிருக்கு."

லூசியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. சிலுவைராஜ் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை என்பதால் அடுத்த கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு சிலுவைராஜ் போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தார். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். அதை ஜம்புலிங்கத்தின் மடிக்கு நேரே நீட்டினார்.

"அப்ப மிச்சப் பாதிய வாங்க எப்ப வருவிய, சார்?"